அனுமதி கேட்டுக்கொண்டே இருந்த கணினி

பார்த்தால் பென்டிரைவ் மாதிரிதான் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் அதை டோக்கன் என்போம். ஒருவருடைய டிஜிட்டல் கையெழுத்து அதற்குள் இருக்கிறது. கணினியில் செருகி, ரகசிய ‘பின்’ நம்பரைப் போட்டால் போதும். பேனாவால் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு. காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம், வரி ஆலோசகருடையது. நான் படித்தது கணினிப் பொறியியல். அங்கே என் வேலை, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எடுப்பதில் தொடங்கி பேக்கப் எடுப்பது வரை.

வாடிக்கையாளர்களின் டோக்கன்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாளில் பெயர். பலவற்றில் பெயருக்குக் கீழேயே பின் நம்பர். சேர்ந்த முதல் வாரத்திலேயே, இது கூடாது என்று நான் சொன்னேன். எங்கள் கிளார்க் அண்ணா இருபது வருடமாக அங்கே இருப்பவர். அவர் சிரித்தார்.

"நம்பிக்கையில கொடுத்துட்டுப் போறாங்கம்மா. டப்பாவ நானா திறந்து எவனோட சொத்தையாவது எழுதி வாங்கப் போறேன்?"

அப்படி எழுதி வாங்கக்கூடியவர் இல்லை அவர். அதனால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஒரு வியாழக்கிழமை மதியம், அந்த டப்பாவில் டோக்கனைப் போட மாட்டேன் என்று ஒரு அக்கா சொன்னார். ஐயம்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமம் அவருக்கு. கத்தரிக்காய், வெண்டைக்காய், கீரை என்று சொந்த நிலத்தில் விளைவதையும், பக்கத்து நிலங்களில் வாங்குவதையும் சேர்த்து மாணவியர் விடுதி ஒன்றுக்கு ஆறு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஆனால் விடுதியின் காகிதங்கள் எதிலும் அவர் பெயர் கிடையாது. டெண்டர் ஒவ்வொரு வருடமும் ஊரில் இருக்கும் ஒரு மொத்த வியாபாரியின் பெயரில் போனது. காய் இவருடையது, வண்டி இவருடையது, பெயர் அவருடையது. இந்த வருடம் தானே டெண்டர் போடுவது என்று அக்கா முடிவெடுத்திருந்தார். அதற்காக ஒரு மாதம் அலைந்து உரிமம், பதிவு, டோக்கன் எல்லாம் வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் அந்த வியாபாரியின் பெயரில்தான்.

"இதுல இருக்குறது என் கையெழுத்துதானே? அப்ப என் பையிலயே இருக்கட்டும்" என்று சொல்லி, நகைக்கடையில் கொடுக்கும் சிவப்புத் துணிப் பையில் டோக்கனைப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது.

அன்று மாலை நான்கு மணிக்கு, டெண்டர் தளத்தில் கையெழுத்துப் போடத் தேவைப்படும் மென்பொருளை முன்னறைக் கணினியில் நிறுவினேன். அவரை உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்தேன். "இந்தத் தளம் உங்கள் கணினியில் உள்ள கையெழுத்து மென்பொருளை அணுகலாமா?" என்று ஒரு பெட்டி வந்தது. அனுமதி கொடுத்தோம். பின் நம்பர் கேட்டது. அவர் போட்டார். வேலை செய்தது. அன்றே ஏற்றியிருக்கலாம், ஆனால் ஒரு சான்று வெள்ளிக்கிழமை காலைதான் கையில் கிடைக்கும் என்றார். டெண்டர் படிவத்தை மட்டும் இறக்கி நிரப்பி வைத்தோம். என் நோட்டில் "நிறுவியாயிற்று, சோதித்தாயிற்று" என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அப்படி அடிக்கோடு போடுவது எனக்குப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை ஏனாத்தூரில் இன்னொரு வாடிக்கையாளரின் கடையில் எனக்கு வேலை இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்குக் கிளார்க் அண்ணாவின் போன்.

"ம்மா, இது திரும்பத் திரும்ப பர்மிஷன் கேட்டுக்கினே இருக்குதும்மா."

"அலவ் குடுத்தீங்களா அண்ணா?"

"குடுக்காமலா? குடுத்துக்கினே கீறேன். கை வலிக்குது. நேத்து நீ போட்டப்ப ஒரே தடவைதானே கேட்டுச்சு?"

"ஸ்க்ரீன்ல வேற என்ன எழுதியிருக்குது?"

"என்னாவோ இங்கிலீஷ்ல எழுதிக்கீது. அதப் படிக்குறதுக்குள்ள மறுபடி பொட்டி வந்துடுது. நீ கிளம்பி வாம்மா. அந்தம்மா மொகத்தப் பாக்க முடியல."

ஷேர் ஆட்டோ பிடித்தேன். தேரடிப் பக்கம் போக்குவரத்தைத் திருப்பி விட்டிருந்ததால் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வழியில் நோட்டை மடியில் வைத்து, பார்க்க வேண்டியவற்றை வரிசையாக எழுதினேன். எளிதானது முதலில், நேரம் பிடிப்பது கடைசியில். ஒன்று, டோக்கனைக் கழற்றி மாட்டுவது. இரண்டு, வேறு போர்ட். மூன்று, கணினியின் கடிகாரம். நான்கு, மென்பொருள் ஓடுகிறதா என்பது. ஐந்து, பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பழைய அனுமதிகளை அழிப்பது. ஆறு, சான்றிதழைத் திறந்து பார்ப்பது. ஏழு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. ஏழாவதுக்குக் குறைந்தது அரை மணி நேரம் ஆகும். எங்கள் இணைய வேகத்துக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

ஒன்று முப்பத்தைந்துக்கு மாடியேறினேன். அக்கா கணினிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் போன். திரையில் அதே பெட்டி. கிளார்க் அண்ணா பக்கத்தில் நின்று, கோயில் பிரகாரத்தில் நிற்பவர் போலக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"படிவம், உறுதிமொழி, விலைப்பட்டியல், மூணுலயும் சைன் போட்டாச்சும்மா. அது அழகா போட்டுக்கிச்சு. ஏத்துறப்பதான் இந்தக் கூத்து" என்றார்.

அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. டோக்கன் கெட்டிருந்தால் மூன்று ஆவணங்களிலும் கையெழுத்து விழுந்திருக்காது. இணையம் இல்லையென்றால் தளமே திறக்காது. இரண்டும் நன்றாக இருந்தன. ஆவணங்களில் போடும் கையெழுத்து கணினிக்குள்ளேயே விழுவது, அதற்குத் தளம் வேண்டியதில்லை. தளம், இந்தக் கணினியில் ஓடும் கையெழுத்து மென்பொருளோடு பேச வேண்டிய அந்த ஓர் இடத்தில் மட்டும் தடை.

கழற்றி மாட்டினேன். போர்ட்டை மாற்றினேன். திரையின் மூலையில் கடிகாரத்தைப் பார்த்தேன்: 1:41. என் போனிலும் 1:41. நோட்டில் மூன்றாவதை அடித்தேன். மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தி மறுபடி ஓட்டினேன். பழைய அனுமதிகளை அழித்தேன். பெட்டி வந்தது. அனுமதி கொடுத்தேன். சக்கரம் சுற்றியது. பெட்டி மறுபடி வந்தது.

"பாப்பா" என்றார் அக்கா. "என்கிட்ட உண்மையச் சொல்லு. ஆவுமா ஆவாதா? ஆவாதுன்னா நான் போயி நாளைக்குக் கீரை அறுக்குற ஆளுங்களுக்குச் சொல்லணும்."

"ஆகும்க்கா. ஒரு பத்து நிமிஷம் குடுங்க."

அப்படிச் சொல்லும்போது எனக்குக் காரணம் தெரியாது. என் பட்டியலில் இன்னும் இரண்டு பாக்கி இருக்கின்றன என்பது மட்டும்தான் தெரியும்.

ஆறாவதுக்கு வந்தேன். கையெழுத்து மென்பொருள் நிறுவப்படும்போது, தன்னை யாரென்று பிரவுசருக்குக் காட்ட ஒரு சின்னச் சான்றிதழை அந்தக் கணினியிலேயே உண்டாக்கிக்கொள்ளும். பிரவுசர் அதைப் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் பேச்சு தொடங்கும். அந்த மென்பொருளின் முகவரியைத் தனியாக ஒரு பக்கத்தில் திறந்தேன். எச்சரிக்கைப் பக்கம் வந்தது. அதில் இருந்த வாசகத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது.

மூலையைப் பார்த்தேன். 2:03. போனைப் பார்த்தேன். 2:03.

பிறகுதான் மூலையில் இருந்த எண்களின் மேல் சொடுக்கினேன். நாள்காட்டி விரிந்தது. புதன்கிழமை என்றது.

அந்தத் திரை சிறியது என்பதால் கீழ்ப்பட்டையைச் சுருக்கி வைத்தவள் நான்தான். சுருக்கினால் அதில் மணி மட்டும் தெரியும், தேதி தெரியாது. என் பட்டியலிலும் "கடிகாரம்" என்றுதான் எழுதியிருந்தேன். மணியைப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். இருபது நிமிடம் அதில் போனது.

"அண்ணா, இந்தக் கம்ப்யூட்டர்ல தேதிய யாராச்சும் மாத்தினீங்களா?"

கட்டியிருந்த கையை அவர் அவிழ்க்கவில்லை. "மாத்தினேன்" என்றார். ஜன்னலைத் திறந்தேன் என்பது போன்ற சாதாரணக் குரலில்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? இன்னிக்கு அஷ்டமிம்மா! அந்தம்மா வந்தவுடனே சொன்னாங்க, 'இன்னிக்கு அஷ்டமியாச்சேண்ணா'ன்னு. மொத மொத சொந்தப் பேருல போடுறாங்க. அந்தக் கையெழுத்துக்குக் கீழ தேதி, மணி எல்லாம் அச்சாவுது இல்ல? அதுல அஷ்டமி நாளா விழணும்? புதன்கிழமை வளர்பிறை சஷ்டி, நல்ல முகூர்த்தம். அதான் ரெண்டு நாள் பின்னாடி வச்சேன்."

இது அவர் அன்றைக்குக் கண்டுபிடித்த வழி இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. பட்டு வியாபாரிகள், கடைக்காரர்கள் என்று பலருக்கு அவர் இப்படிச் செய்து கொடுத்திருக்கிறார். புதுக் கடைக்குப் பதிவு என்றால், கூட்டு நிறுவனம் என்றால், குடும்பத்தில் பார்த்துக் கொடுத்த நாளுக்குக் கணினியைக் கொண்டுபோய் வைத்துக் கையெழுத்தை வாங்கிவிட்டு, மறுபடி இன்றைக்குக் கொண்டுவந்து விடுவார். தெலுங்கு பேசும் ஜவுளிக்காரர் ஒருவர் இதற்காகவே அவருக்குத் தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பாராம். ஒரு தடவையும் தடை வந்ததில்லை. ஏனென்றால் அந்த மென்பொருள்களெல்லாம் மாதக்கணக்கில் பழையவை. இரண்டு நாள் பின்னால் போனாலும் அவற்றின் சான்றிதழ் செல்லும். இது மட்டும் வியாழன் மாலை நான்கு மணிக்கு உண்டானது. புதன்கிழமையில் உட்கார்ந்திருந்த கணினிக்கு, அது இன்னும் நடைமுறைக்கு வராத சான்றிதழ். அதனால் பிரவுசர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாததால் தளம் மறுபடி அனுமதி கேட்டது. நாங்களும் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

இதை நான் இரண்டு பேருக்கும் சொன்னேன். அண்ணா முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப தேதிய முன்னாடி வச்சிட்டா ஏறிடுமா?"

"ஏறும். ஆனா இந்த மூணு பேப்பர்ல புதன்கிழமைன்னு சைன் விழுந்திருக்குது. அதையும் மறுபடி போடணும்."

"அது எதுக்கு? அது நல்லாதான இருக்குது. டைம் வேற இல்ல. அப்படியே ஏத்திடும்மா."

மணி 2:09. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று ஆவணங்களையும் மறுபடி கையெழுத்திட்டு, தளத்தில் புதிதாக நுழைந்து ஏற்றுவதற்கு நாற்பது நிமிடம் ஆகலாம். இருப்பது ஐம்பத்தொரு நிமிடம். படிவத்தின் அடியில் அது இறக்கப்பட்ட தேதி வியாழன் என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. கையெழுத்து புதன். யாராவது கவனிப்பார்களா என்று எனக்குத் தெரியாது. கவனித்தால் தள்ளிவிடலாம். இரண்டையும் அப்படியே சொன்னேன். முடிவெடுக்க வேண்டியவர் அக்காதான்.

அவர் படிவத்தைத் திரையில் பெரிதாக்கச் சொன்னார். அடியில் இருந்த தேதியைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார்.

"பேப்பரே வியாழக்கிழமைதான் வந்திருக்குது. புதன்கிழமையே அதுல எப்படிண்ணா கையெழுத்துப் போட்டேன்? கனா கண்டா?"

"இல்லம்மா, நல்ல நாளுன்னுதான்..."

"இருங்க, இருங்க." அவர் கையெழுத்துக்குக் கீழே இருந்த வரியில் விரலை வைத்தார். "இது என்னா மணி? பன்னெண்டு இருபதா?"

"ஆமாம்மா. இன்னிக்குப் பத்தரைலருந்து பன்னெண்டு ராகு காலம்னு நீங்கதானே உக்காந்து காத்துக்கினு இருந்தீங்க? அது முடிஞ்சப்பறம்தான் போட்டோம்."

"அது வெள்ளிக்கிழமைக்குண்ணா. நீங்க வச்சிருக்கறது புதன்கிழமை. புதன்கிழமைக்கு ராகு காலம் எப்ப?"

அண்ணா எழுந்து சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டி அருகே போனார். போக வேண்டிய தேவையே இல்லை. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை என்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும்.

"அஷ்டமியிலருந்து காப்பாத்தறேன்னு என்னெக் கொண்டுபோயி நடு ராகு காலத்துல தள்ளிட்டீங்களே!" என்று அக்கா சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். "மூணு கையெழுத்தும் ராகு காலத்துல போட்டிருக்கேன் பாப்பா. அதான் அந்தப் பொட்டி வுடவே மாட்டேங்குது!"

"நான் மணிய யோசிக்கவே இல்லம்மா" என்றார் அண்ணா மெதுவாக. இருபது வருட அனுபவத்தில் எத்தனை பேருக்கு எத்தனை கிழமை மாற்றியிருக்கிறார், அதில் எத்தனை பேர் எந்த எமகண்டத்தில் விழுந்தார்கள் என்று அவர் மனதுக்குள் ஓடுவது முகத்தில் தெரிந்தது.

"இன்னிக்கே போடு பாப்பா" என்றார் அக்கா. "அஷ்டமின்னு எங்க கத்தரிச் செடி காய்க்காம நின்னதில்ல. இன்னிக்குப் போட்டது இன்னிக்குன்னே இருக்கட்டும். நாளைக்கு எவனும் வந்து ஒரு கேள்வி கேக்கக் கூடாது."

தேதியை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். நேரத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதியை அண்ணா அணைத்து வைத்திருந்தார், அதையும் போட்டுவிட்டேன். தளம் எங்களை வெளியே தள்ளியது. மறுபடி நுழைய வேண்டும். அக்காவின் போனுக்கு ஓடிபி வர நான்கு நிமிடம் ஆனது. கீழே ஜரிகைக் கடையில் யாரோ போனில் சத்தமாகப் பேசியது மட்டும் மேலே கேட்டது.

ஓடிபி வந்தது. அனுமதி கேட்கும் பெட்டியும் வந்தது. நான் மவுஸை அக்கா பக்கம் நகர்த்தினேன்.

"நீங்களே குடுங்க."

அவர் பெட்டியில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அனுமதியை அழுத்தினார். பின் நம்பர் கேட்டது.

"ரெண்டு பேரும் அப்படித் திரும்புங்க."

நானும் கிளார்க் அண்ணாவும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். விசைகளின் சத்தம் நிதானமாக வந்தது. "ம்ம்" என்றார். திரும்பினோம். அனுமதிப் பெட்டி மறுபடி வரவில்லை.

படிவம், உறுதிமொழி, விலைப்பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் திரும்பினோம். விலைப்பட்டியலின்போது அண்ணா கண்ணையும் மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தபோது மணி 2:36. காலையில் வந்த சான்றையும் சேர்த்து ஏற்றத் தொடங்கினேன். எல்லோரும் கடைசி நேரத்தில்தான் ஏற்றுவார்கள் போலிருக்கிறது, தளம் ஊர்ந்தது. உறுதிமொழி பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஏறியது.

"மூணு மணிக்கு எமகண்டம் வேற ஆரம்பிக்குது" என்றார் அண்ணா.

"மூணு மணிக்கு டெண்டரே முடிஞ்சிடும்ணா" என்றேன். "எமகண்டத்துக்கு வேலையே இல்ல."

2:51க்கு ஒப்புகைச் சீட்டு வந்தது. அதன் மேல் இருந்த நேரம் எங்கள் கணினியுடையது இல்லை, டெண்டர் தளத்தினுடையது. அதை அண்ணாவுக்குக் காட்டினேன். நாம் எந்தக் கிழமையில் உட்கார்ந்திருந்தாலும் அங்கே விழுவது அவர்களுடைய மணிதான் என்றேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

அக்கா இரண்டு பிரதி கேட்டார். ஒன்றை மடித்துப் பையில் வைத்தார். இன்னொன்றில், டெண்டர் அளித்தவர் என்ற வரிக்கு எதிரே இருந்த தன் பெயரை விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டு, அதையும் மடித்து வைத்துக்கொண்டார். கடைசிப் பேருந்தைப் பிடிக்கிறவர் போல வேகமாக இறங்கிப் போனார். கீரைக்கு ஆள் சொல்ல வேண்டும்.

அன்று மாலையே கணினிகளின் தேதியை மாற்ற முடியாதபடி பூட்டினேன். கடவுச்சொல் என்னிடமும் எங்கள் ஆலோசகர் சாரிடமும் மட்டும். அண்ணா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் டீ வாங்கி வந்து என் மேசையில் வைத்தார்.

"அப்ப நல்ல நாள் கேட்டு வர்றவங்களுக்கு நான் என்னாம்மா சொல்றது?"

"அந்த நாள்ல வரச் சொல்லுங்கண்ணா."

"காலைல ஆறு மணிக்கு முகூர்த்தம்னா?"

"ஆறு மணிக்கு நான் வந்து திறக்கறேன்."

அவர் அதை நம்பவில்லை. ஆனால் அந்த மாதம் ஒரு ஜவுளிக்கடைப் பதிவுக்காக நான் நிஜமாகவே காலை ஆறு மணிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம். சான்றிதழில் எந்தச் சிக்கலும் வரவில்லை. என் பட்டியலின் மூன்றாவது வரி இப்போது "மணி, தேதி, கிழமை" என்று இருக்கிறது.

நாங்கள் ஏற்றிய வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமையே பதினொரு மணிக்கு டெண்டர் திறந்திருந்தார்கள். அக்கா நேரில் வந்துவிட்டார். தளத்தில் மூன்று பெயர்கள். முதலாவது வாலாஜாபாத் பக்கத்துக்காரர் ஒருவர். இரண்டாவது அந்த மொத்த வியாபாரி. மூன்றாவது அக்கா. அவர் ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் எதிரே ஏற்கப்பட்டது என்று இருந்தது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவர் போன் அடித்தது. வியாபாரி. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, நீயும் போட்டிருக்கியாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"ஆறு வருஷமா நீங்க போட்டப்ப என்கிட்ட சொன்னீங்களாண்ணா?"

வியாபாரி பேச்சை மாற்றினார். "சரி, நாளைக்கு லோடு உண்டுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"பழைய ஆர்டர் முடியற வரைக்கும் உண்டு. அதுல என்னா சந்தேகம்?" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மறுவாரம் விலைகளைத் திறந்தார்கள். விடுதி டெண்டர் அக்காவுக்குக் கிடைத்தது. அவருடைய காயும் வண்டியும் டிரைவரும் பழையபடியேதான். விடுதியின் வாசலில் கொடுக்கும் டெலிவரிச் சீட்டில் மட்டும் மேலே இருந்த பெயர் மாறியது.